மைலேஜ் கேட்காதவர்கள்

ஷோரூமில் வியாபாரம் சூடுபிடித்தால் எங்கள் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. காலையிலிருந்து வரிசையாக வண்டி டெலிவரி போயிருக்கும், முதலாளி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவரச் சொல்லியிருப்பார், இவர் மட்டும் நெற்றி வியர்க்கப் பின்பக்கம் ஸ்டாக் ரூமுக்குப் போய், ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு வருவார். "என்னாச்சுங்க சார்?" என்று கேட்டால், "இத்தன வண்டி எதுக்கு அம்மணி விக்குது?" என்பார். வண்டி விற்பதற்காகச் சம்பளம் வாங்கும் மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டைப் பார்த்தபடி இருந்தது அந்தக் கடை. மொபெட், ஸ்கூட்டர், இரண்டு மூன்று வகை பைக். தொண்ணூறுகளின் நடுவில் பி.காம். முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களுக்கு வண்டியைக் காட்டி, ஃபாரம் பூர்த்தி செய்து, சாவியைக் கையில் கொடுக்கிற வரைக்கும் என் பொறுப்பு. எங்கள் வீடு இருகூரில். அப்பா அங்கேயே ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தார். அம்மா, பத்தாவது படிக்கிற தங்கை, நான் எல்லோரும் அப்பாவின் மில் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். என் சம்பளத்தை என் கல்யாணத்துக்கு என்று அம்மா பிடுங்கி வைத்துக்கொள்வாள்.

மேனேஜருக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். ஒல்லி. முழுக்கைச் சட்டையின் பித்தானை மணிக்கட்டு வரை போட்டிருப்பார். மேகமே இல்லாத நாளிலும் குடை கொண்டுவருவார். ஊரெல்லாம் வண்டி விற்றவர், தான் மட்டும் சைக்கிளில் வருவார். அதையும் சிக்னல் பக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். "சைக்கிளை வாசல்ல நிறுத்தாதீங்க, கடைக்கு மானக்கேடா இருக்குது" என்று முதலாளி எத்தனையோ முறை சொன்னபிறகு, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவில் மறைத்து நிறுத்தினார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு 'பிரேக் சார்' என்று பேர். அவருக்கும் அது தெரியும். பிரேக் இல்லாத வண்டியை நீ எடுப்பியா என்று ஒரு தரம் திருப்பிக் கேட்டுவிட்டார்.

வண்டி பார்க்க யார் வந்தாலும் அவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்பார். "ஏனுங்க, வண்டி எங்கீங்க போறதுக்கு?"

"பீளமேட்டுக்குங்க, பம்பு கம்பெனிக்கு" என்றால் முகம் தெளிந்துவிடும். "பால் ஊத்தறதுக்குங்க" என்றால் இன்னும் சந்தோஷம். சரியாகப் பதில் சொல்லாமல் யாராவது இழுத்தால் இவருக்கு முகம் வெளுத்துப்போகும். வந்தவர் என்னவோ தான் தப்பாகச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்ப்பார். எனக்குத் தர்மசங்கடமாக இருக்கும்.

இன்னொன்றும் கவனிப்பார். எங்கள் பக்கத்தில் வண்டி வாங்க வருகிறவர் அதன் பேரைக் கேட்பதற்கு முன்னால், "லிட்டருக்கு எத்தன குடுக்கும்?" என்றுதான் கேட்பார். நாம் எந்த எண்ணைச் சொன்னாலும், "அவ்வளவுதானுங்களா?" என்று முகத்தைச் சுளிப்பார். அப்படிச் சுளிக்காமல் வண்டி வாங்கியவர் எங்கள் கடைப் படி ஏறியதில்லை. மேனேஜருக்கு அந்த முகச்சுளிப்பு ரொம்பப் பிடிக்கும். "பெட்ரோல் ஊத்திப்போட்டு தினம் எங்கியோ போற மனுஷன்தான் அம்மணி மைலேஜ் கேப்பான்" என்பார்.

பேப்பரில் வாகன விற்பனை கூடியிருக்கிறது, நாடு முன்னேறுகிறது என்று போட்டிருந்தால் முதலாளி அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்து மேசைமேல் போடுவார். "பாத்தீங்களா? ஜனங்க கையில காசு இல்லீன்னா வண்டி வாங்குவாங்களா? ஊரு நல்லா இருக்குதா இல்லியான்னு நம்ம கடைக்கு வந்து பாத்தாப் போதும்" என்பார். மேனேஜர் மரியாதையாகத் தலையாட்டுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் குனிந்து, "வண்டி வித்தது போட்டிருக்குது. வாங்குனவன் அதுக்கு எதை வித்தான்னு போடலையே" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் வண்டி விற்பனை எகிறியது என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எனக்கு முதலில் வயிறுதான் கலங்குகிறது.

அவர் பயந்ததெல்லாம் பலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். முக்கால்வாசி வெறும் பயம்தான். ஒரு தடவை சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரே ஊரிலிருந்து சாரிசாரியாக வந்து மொபெட் எடுத்தார்கள். இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிலத்தை எவனோ மொத்தமாக எழுதி வாங்கிவிட்டான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கடைசியில் விசாரித்தால் தறிக்காரர்களுக்கு நல்ல ஆர்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் கிண்டலடித்து ஒரு வழி பண்ணிவிட்டோம். "தப்பாப் போச்சுன்னா சந்தோஷந்தானுங்க" என்று சொல்லி, அன்றைக்கு எங்களுக்கு அவர் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தார்.

வருஷத்தில் ஒரே ஒரு மாதம் அவர் நிம்மதியாக இருப்பார். அது ஆடி. ஆடியில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். விலை கேட்கக்கூட வர மாட்டார்கள். முதலாளி கடைப்பக்கமே தலைகாட்ட மாட்டார். மேனேஜர் மட்டும் பொரி கடலை வாங்கிவந்து, கண்ணாடிக் கதவு வழியாகக் காற்றில் பறக்கிற தூசியைப் பார்த்துக்கொண்டு, ஊர்க்கதை எல்லாம் பேசுவார். மேல்சட்டைப் பித்தானைக் கழற்றி விட்டுக்கொள்வதும் அந்த மாதத்தில்தான். தீபாவளிக்குப் பயந்து ஆடியைக் கொண்டாடிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, அவர்தான்.

நான் சொல்ல வந்தது அப்படி இல்லாமல் போன ஓர் ஆடியைப் பற்றி.

அந்த வருஷம் ஆடி பிறந்த முதல் வாரத்திலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு அப்பா வயது. வேலை நாளில், பட்டப்பகலில், இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட மனைவியோ மகனோ இல்லை. கக்கத்தில் மஞ்சப்பை. வண்டியைச் சுற்றிவந்து சீட்டைத் தடவிப் பார்ப்பார்கள், கலர் கேட்பார்கள், ரொக்கமாகப் பணத்தை வைத்துவிடுவார்கள். மைலேஜ் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. ஃபாரத்தில் வேலை என்று இருந்த இடத்தில் ஒருவர் மில்லின் பேரைச் சொல்லிவிட்டு, "வேண்டாமுங்க, சும்மா கோடு போட்டு உட்ருங்க" என்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

மேனேஜர் எழுந்து வந்தார். "ஏனுங்க, வண்டி எங்கீங்க போறதுக்கு?"

"போறதுக்குன்னு ஒண்ணும் இல்லீங்க. வந்த பணம் கண்ணு முன்னால ஏதோ ஒரு பொருளா நிக்கட்டுமேன்னு."

"ஆடியாச்சுங்களே. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து எடுக்கலாமுங்களே."

"அதுவரைக்கும் நிக்காதுங்க" என்றார் அவர். "மச்சான் ஒருத்தன் இப்பவே கேட்டுப்போட்டான். எட்டிப் பாக்காத சொந்தம், ஒறம்பரையெல்லாம் ஊட்டுக்கு வருது. செட்டில்மெண்டுன்னா ஊருக்கே தெரிஞ்சுபோகுதுங்க."

மில்லில் ஆள் குறைக்கிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு மொத்தமாகப் பணம் தருகிறார்கள் என்று அங்கங்கே பேச்சு இருந்தது. எந்த மில், எத்தனை பேர் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. வேலை போனதை ஒரு கெட்ட நோய் வந்தது போல மறைத்தார்கள். எங்கள் கடைக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தும் முதலாளிக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது ஆடியில் நடந்த வியாபாரம். "ஆடியிலயே இப்படின்னா தீபாவளிக்கு என்ன ஆகுமுன்னு பாருங்க!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். அந்தச் சூட்டோடு கிணத்துக்கடவில் ஒரு கிளை திறக்க இடம் பார்த்தார்.

மேனேஜர் அவரிடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உயர்த்தியதும் பெரிய சத்தமில்லை, பக்கத்து மேசைக்குக் கேட்டது.

"தவணைக்கு வாரவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருமுங்க. ரொக்கம் குடுக்கறவனுக்கு வரது அத்தோட சரிங்க. இவங்க வாங்கறது கடைசி வண்டிங்க. அடுத்த வருசம் யாருங்க வருவாங்க?"

"நீங்க வாயை வெக்காதீங்க" என்றார் முதலாளி. "லட்சுமி வாசல்ல வந்து நிக்கறா. எதுக்கு வந்தேன்னா கேப்பாங்க?"

கிணத்துக்கடவுக் கிளை அடுத்த ஆடிக்குள் மூடியாகிவிட்டது. சிங்காநல்லூர்க் கடை எப்படியோ தப்பித்துக்கொண்டது. ஆனால் தப்பிக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, மேனேஜருக்குக் கட்டாயம் தெரியாது.

முதலாளியிடம் பேசிய அன்று மத்தியானம் கரண்ட் போய், கடை இருட்டாகிக் கிடந்தபோது அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். கோபிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அவர் சின்னவராக இருந்தபோது அவருடைய அப்பா ஒரு கறுப்புக் கார் வாங்கி வந்தாராம். ஊருக்கே முதல் கார். ஆரத்தி எடுத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். "பெரிய ஆளாயிட்டாருன்னு சனம் பேசுச்சுங்க. எல்லாருமா காருல ஏறி கோபிக்குப் போனம். வாய்க்காலோரம் எங்க வயலு. அது வரைக்கும் பேசிட்டு வந்தவரு, அது வந்ததும் இந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு. வித்துப்போட்டாருன்னு எங்களுக்கு அப்பத்தான் தெரியும்." பிறகு, "வாசல்ல நின்ன காரை ஊரே பாத்துது அம்மணி. வயலு போனதை ஒருத்தரும் பாக்கலை" என்றார். அதற்கப்புறம் அவர் சைக்கிளைப் பற்றி நான் கிண்டல் பண்ணியதில்லை.

கரண்ட் வந்தது. அவர் எழுந்து போகப் போனவர், நின்று, "உங்கப்பா சட்டையில பஞ்சு ஒட்டீருக்குதா?" என்று கேட்டார்.

"மில்லுக்குப் போறவரு சட்டையில பஞ்சு ஒட்டாம வேற என்னங்க சார் ஒட்டும்?"

"இல்ல, சும்மா பாரு" என்றார்.

அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம். எங்கள் அப்பாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து பஞ்சோடுதான் தெரியும். தலையில், காதோரத்தில், புருவத்தில் எல்லாம் அப்பிக்கொண்டு கிழவனாக வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு வந்தால் திரும்பவும் இளவயசுக்காரர். சட்டையை வாசலில் வைத்து நாலு உதறு உதறாமல் அம்மா தண்ணீரில் போட மாட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்துப் பார்த்தேன். அம்மா கடைசியாக எப்போது சட்டையை உதறினாள் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பொழுதோடு அப்பா வந்தார். சோற்றுத் தூக்குப் போசியைத் திட்டில் வைத்தார். கை கழுவினார். நான் அடுப்படியில் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். புருவம் கன்னங்கரேல் என்று இருந்தது.

"அப்பாவுக்கு மில்லுல வேற பக்கம் மாத்திப்போட்டாங்களா?" என்று அம்மாவை மெதுவாகக் கேட்டேன்.

"ஆமா, கோடவுன்ல போட்டிருக்காங்களாமா. தூசி இல்லாத வேலைன்னாரு. நானும் சரி, இருமல் கொறையுமுன்னு இருக்கேன்" என்றாள். அம்மாவுக்கு அதில் நிம்மதிதான். சாப்பிட உட்கார்ந்தோம். தங்கை ஏதோ பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பாவும் சிரித்தார். இந்த மனுஷன் பகலெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டுவிடலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கடையில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் வந்தாலும் நான் நிமிர்ந்து பார்ப்பேன். வெள்ளைச் சட்டை தெரிந்தால் முதலில் முகத்தைப் பார்ப்பேன். அப்பா இல்லை என்று தெரிந்ததும் ஒரு மூச்சு வரும். மேனேஜர் காலையில் வந்ததும், "பாத்தியா?" என்று கண்ணாலேயே கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அவரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் அப்பாவின் புருவத்தில் பஞ்சு இருந்திருக்கும் என்பது போல ஒரு கோபம்.

ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. ஒரு புதன்கிழமை, டீ வந்து போன நேரம். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கதவைத்தான் பார்த்தார், என் பக்கம் திரும்பவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா பெட்டி போட்ட சட்டை போட்டிருந்தார். மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, யாரோ வெளியாள் மாதிரி லேசாகச் சிரித்துவிட்டு, நேராக கியர் இல்லாத சின்ன வண்டிப் பக்கம் போனார். ஒரு சுற்றுச் சுற்றினார். சீட்டைத் தடவினார். மைலேஜ் கேளுங்கப்பா, ஒரு தரம் கேட்டுவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

"இதுல வேற கலரு இருக்குதுங்களா?" என்றார் அப்பா.

மேனேஜர் அவரிடம் போனார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அப்பாவிடம் கேட்கவில்லை. "உக்காருங்க" என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பாதான், கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்.

"நம்ம அம்மணி தினம் பஸ்ஸுல நசுங்கிட்டு வருதுங்க. அதுக்குத்தான். எனக்கு இனி எங்கீங்க போறதுக்கு இருக்குது?"

"வேலைக்குப் போறதுக்குங்களா?" என்றார் மேனேஜர். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்பச் சரிங்க. தினம் ஓடற வண்டி." அப்புறம் மஞ்சப்பையைக் காட்டி, "ஆனா அதைத் தொறக்காதீங்க. நேராக் கொண்டுபோயி பேங்குல போட்ருங்க. சின்னது படிச்சிட்டிருக்குதில்லீங்க. இதைத் தவணைல எடுத்துக்கலாம். அம்மணிக்கு மாசாமாசம் சம்பளம் வருது" என்றார்.

"ஜாமீன் கேப்பாங்களேங்க" என்றார் அப்பா. "சம்பளக்காரன் கையெழுத்து வேணுமே. எனக்குத்தான் வேலை இல்லாமப் போச்சே."

அவர் அதை வாயால் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். இத்தனை நாள் பயந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். வந்தேவிட்டது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் யாருக்கும் ஜாமீன் போடாத மனுஷன். தன் ரேஷன் கார்டுக்குக்கூட நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இந்தக் கடை நிற்குமா என்றே அவருக்குச் சந்தேகம். கடை படுத்தால் என் சம்பளமும் போகும், அவர் சம்பளமும் போகும், தவணை அவர் தலையில் விழும். அவருக்குத் தெரியாதா? எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். தவணை ஃபாரத்தை எடுத்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். முதல் எழுத்து கோணலாகப் போனதும் ஸ்டாக் ரூமுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மீதிக் கையெழுத்தைப் போட்டார்.

"வண்டியை ஆவணி பொறந்ததும் எடுத்துக்கலாமுங்க. இப்ப என்ன அவசரம்? பணந்தான் பேங்குல இருக்கப்போகுதே" என்றார். அந்த ஆடியில் ஆவணி வரைக்கும் காத்திருக்க முடிந்த ஒரே மில்காரர் எங்கள் அப்பாதான் என்று நினைக்கிறேன்.

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். மேனேஜர் பேனாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேரையும் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, தினமும் பத்துப் பேருக்கு நான் பதில் சொல்கிற கேள்வியை மேனேஜரிடம் கேட்டேன்.

"சார், லிட்டருக்கு எத்தனைங்க குடுக்கும்?"

மேனேஜர் நிமிர்ந்தார். "கம்பெனிக்காரன் அறுவதுங்கறான்" என்றார். "நீ நாப்பத்தஞ்சுன்னு வெச்சுக்கோ, அம்மணி."

அப்பா மஞ்சப்பையிலிருந்து கையை எடுத்தார். வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார்.